அலைவரிசை பதினாறு

வாழைச்சேனைத் துறைமுகத்தில்
கம்பனி என்னை எடுத்தது
நீந்தத் தெரியும் என்பதற்காக அல்ல.
குரலுக்காக.

கப்பலின் மேல்தட்டில் ஒரு கதிரை,
பக்கத்தில் ரேடியோ,
கையில் ஒரு தாள்:
'ஆய்வுக் கப்பல் வருகிறது.
பின்னால் எட்டுக் கிலோமீற்றர் கேபிள்.
தயவுசெய்து விலகவும்.'
இதைத் தமிழிலும் சிங்களத்திலும் சொல்ல
நாளுக்குப் பதினோராயிரம்.
சோறு தனி.

முதல் கிழமை தாளைப் பார்த்து வாசித்தேன்.
ஒருவரும் விலகவில்லை.
கடலில் யார் தயவுசெய்து என்று சொல்வது?
இரண்டாம் கிழமை தாளை மடித்து வைத்துவிட்டு
"டேய் மேகராசா, வலைய ஏத்துடா,
கயிறு வருது, கயிறு" என்றேன்.
அந்த ராவில் பதினேழு படகு விலகியது.
நோர்வேக்காரச் சூப்பர்வைசர்
பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

பத்து வினாடிக்கு ஒருமுறை
தண்ணீருக்குள் ஒரு குத்து.
படுத்தால் முள்ளந்தண்டில் கேட்கும்.
அடியில் எண்ணெய் கிடக்கோ என்று
கதவில் தட்டிப் பார்க்கிறார்களாம்.
ஆள் உள்ளே இருந்தாலும்
திறக்க எத்தனை வருசமென்று
அவர்களுக்கும் தெரியாது.

கரையில் காசு தன்பாட்டில் நடந்தது.
நவ்பரின் டீசல் பவுசர் ராவிலும் வந்தது.
கல்குடாவில் பூட்டிக் கிடந்த விடுதிக்குக் கரண்ட் வந்தது.
ஜெயவதனியின் சமையல்கட்டில்
நாளுக்கு நூற்றிருபது பார்சல்,
மாடு ஆகாதவர், பன்றி ஆகாதவர் என்று
கடைசியில் எல்லாருக்கும் கோழி,
பேத்தாழையில் கோழி விலை ஏறி
ஜெயவதனிக்கே ஏச்சு.

மூன்று வருசம் வங்கியில் கிடந்த காப்பு
என் மனிசியின் கைக்குத் திரும்பியது.
மா குழைக்கும்போதும் கழற்றமாட்டாள்.
அது பொய்க்காசு இல்லை.
இதைச் சொல்லிவிட்டுத்தான்
மற்றதைச் சொல்ல வேண்டும்.

ஆடி, கச்சான் காத்து, ராவு ரெண்டு மணி.
"மச்சான், பேரின்பம் கதைக்கிறன்.
முப்பத்தாறு துண்டு விட்டிருக்கன்.
சூரை ஏறுது. ஒரு மணித்தியாலம் தா."

தங்கச்சியின் புருசன்.
என் படகில் தொழில் பழகாதவன்,
என்னைவிட நல்ல தொழிலாளி.

சூப்பர்வைசரிடம் கேட்டேன்.
கப்பல் ஒரு மணித்தியாலம் நின்றால்
எத்தனை டொலர் என்று அவர் சொன்னார்.
நான் படித்த பள்ளிக்கூடத்தில்
அத்தனை சைபர் இல்லை.

பொத்தானை அமத்தினேன்.
"வெட்டுடா" என்றேன்.

பதினாறில் வெறும் இரைச்சல்.
பிறகு,
"வெட்டுறன் கா."

நட்டஈட்டுப் படிவத்தை
நான்தான் நிரப்பிக் கொடுத்தேன்.
வலை: பன்னிரண்டு துண்டு.
மீன்: நிறை குறிப்பிடுக.
பிடிக்காத மீனை எந்தத் தராசில் போடுவது?
நானூறு கிலோ என்று எழுதினேன்.
கந்தோரில் நூற்றைம்பது ஆக்கினார்கள்.
பேரின்பம் என் முகம் பார்க்கவில்லை.
பேனையை மட்டும் கேட்டான்.

புரட்டாதியில் கப்பல் போனது.
பிரதேச செயலகச் சுவரில் ஒரு அறிக்கை ஒட்டினார்கள்.
உள்ளூர் வேலைவாய்ப்பு: நாற்பத்து மூன்று.
எனக்குரிய இடத்தை விரல் வைத்துத் தேடினேன்.
காவல் பதினான்கு, சுமை பதின்மூன்று,
சமையல் ஒன்பது, சாரதி ஆறு.
இதர: ஒன்று.

இப்போது நானும் தொழிலுக்குப் போகிறேன்.
நடுச்சாமத்தில் எவனாவது ஒரு பொடியன்
என் குரலில் 'தயவுசெய்து விலகவும்' என்பான்.
கடல் முழுக்கச் சிரிப்பு.
நானும் சிரிப்பேன்.
எந்தச் சிரிப்பு பேரின்பத்தினுடையது என்று
காதைக் கூர்த்துக் கேட்பேன்.

நேற்று கொழும்பிலிருந்து அழைப்பு.
தட்டிய இடத்தில் ஏதோ கேட்டிருக்காம்.
தை கழிய மறுபடி வருகிறார்களாம்,
கொஞ்சம் தெற்கால, களுவன்கேணிப் பக்கம்.
அதே குரல் வேணுமாம்.
நாளுக்குப் பதினாலாயிரம்.

யோசிச்சுச் சொல்றன் என்றேன்.
யோசிக்க என்ன இருக்கு என்றாள் மனிசி,
காப்பை மேலே தள்ளிவிட்டு மா குழைத்தபடி.

பேரின்பத்துக்கு இன்னும் சொல்லவில்லை.
நட்டஈட்டுக் காசோடு கடனும் பட்டு
புது வலை எடுத்திருக்கிறான்.
இந்த முறை நாற்பது துண்டு.