பெயர்: மரிக்கொழுந்து

கேனின் மூடியில் பேனாவால் எழுதியிருந்தது:
மரிக்கொழுந்து.
சரக்கு மாறி வந்துவிட்டதென்று நினைத்தேன்.
நான் கேட்டது பாசிச் சாறு.
மரிக்கொழுந்து என் கொல்லையிலேயே இருக்கிறது,
நொச்சிக்காட்டு மணலில்
பன்னிரண்டு பாத்தி,
உப்புக் காற்றுக்கு ஒருக்களித்து.

மண்டபத்துக்குப் போன் போட்டேன்.
எடுத்தவள் பெயர் ராக்கு.
"அந்தப் பாசிக்குப் பேரே அதுதாங்க.
முங்கிப் பாத்தா
உங்க கொழுந்து மாதிரியே கெடக்கும்.
வாசம்தான் கெடயாது."

சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள்
சிரித்துவிட்டேன்.

சிப்காட்டில் பதினொரு வருஷம்
ராத்திரி ஷிப்ட் பார்த்தவன் நான்.
பிறகொரு காய்ச்சல்.
இரண்டில் எது என் மூக்கை எடுத்துப்போனதென்று
டாக்டராலும் சொல்ல முடியவில்லை.
டார்ச் அடித்துப் பார்த்தார்.
"வரலாம், வராமலும் போகலாம்" என்றார்,
மழையைப் பற்றிச் சொல்வதுபோல.
மணப்பயிர் வைக்கிறேன் என்றபோது
தில்லைநாயகி பார்த்த பார்வையை
இங்கே எழுதப்போவதில்லை.

சாறு கடுங்காப்பி நிறம்.
பத்து லிட்டர் டேங்குக்கு
இருமல் மருந்து மூடியால் ஐந்து மூடி.
வெயில் ஏறுமுன் அடித்துவிட வேண்டும்.
முதல் நாளே தில்லை
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
"கருவாட்டுக் கடைக்குள்ள
குடித்தனம் வச்ச மாதிரி இருக்கு" என்றாள்.
பக்கத்துக் கொல்லை செங்கேணி
வேலிக்கு அந்தப்புறம் நின்று
என் வம்சத்தையே குளிப்பாட்டினான்.
நான் பாட்டுக்கு அடித்துக்கொண்டு போனேன்.
நாற்றம் எட்டாத மனுஷனுக்குப்
பொறுமை சுலபம்.

இரண்டு பாத்திக்கு மட்டும் அடிக்கவில்லை.
வித்தியாசம் தெரிய வேண்டுமே.
உயரத்தை ஸ்கேலால் அளந்தேன்.
கிளை எண்ணினேன்.
ஒன்றைப் பிடுங்கி வேர் பார்த்தேன்,
சிக்கெடுக்காத தலைபோல அடர்ந்திருந்தது.
எல்லாம் நோட்டில் ஏறியது.
வாசனைக்கென்று போட்ட கட்டம் மட்டும்
காலியாகவே கிடந்தது.

தை கடைசியில் ஒருநாள்
செங்கேணியின் ஆடு வேலி தாண்டி வந்தது.
அடிக்காத பாத்தியில் ஐந்தாறு நுனி மென்றது.
அடித்த பாத்திக்கு வந்து
முகர்ந்து,
தும்மி,
திரும்பிப் போனது.
சாற்றின் நாற்றத்துக்கா, கொழுந்தின் வாசத்துக்கா,
ஆடு சொல்லவில்லை.
அன்றைக்கு அந்தக் கட்டத்தில் எழுதினேன்:
தும்மல், ஒன்று.

திருப்பாப்புலியூரில் பாடலியின் பூக்கடை.
கட்டைப் பிரித்தான்.
நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏழு வருஷமாக எனக்கு
மல்லிகையும் சாம்பிராணியும்
அடுத்தவர் முகத்தில்தான் மணக்கின்றன.
புருவம் இறங்கியது.
யாரிடமோ பேசிக்கொண்டிருந்த பேச்சு
பாதியில் நின்றது.
பிறகு வியாபாரி திரும்பி வந்தான்.
"பரவாயில்ல, போன தடவ மாதிரிதான்.
கிலோவுக்கு ரெண்டு ரூபா கொறச்சுக்க."
சீட்டு எழுத ஆரம்பித்தான்.
எழுதும்போதே இடது கை விரல்கள்
அவனைக் கேட்காமல் மூக்குக்குப் போயின.
நான் ரெண்டு ரூபாய் ஏற்றிச் சொன்னேன்.
கொடுத்தான்.

ராக்கு கேட்டாள்:
"எப்படிங்க, மணந்துச்சா?"
"ஆட்டுக்கு மணந்துச்சு.
பூக்கடைக்காரனுக்கு மணந்துச்சு."
"உங்களுக்கு?"
கேன் விளிம்பில் காய்ந்திருந்ததை
விரலால் தொட்டு நக்கினேன்.
"உப்பா இருக்கு."
"எனக்கும் அவ்வளவுதாங்க தெரியும்.
முங்கி எடுக்குறப்ப
மூச்சப் பிடிச்சுக்கிட்டுல்ல இருக்கோம்,
வாசம் எங்கிட்டு வரும்?"

காலி கேனைத் திருப்பி அனுப்பும்போது
உள்ளே ஒரு கட்டு கொழுந்தைத் திணித்து
மூடியை இறுக்கினேன்.
மண்டபம் போய்ச் சேர இரண்டு நாள்.
அந்த இருட்டுக்குள்
எது எதன்மேல் ஏறியிருக்குமோ.

கரையில் நின்று திற என்று
சொல்ல மறந்துவிட்டேன்.