பதினெட்டு எட்டு

குற்றப்பத்திரிகை இரண்டே பக்கம்:
தடைசெய்த அமைப்பில் சேர்ந்தான்,
அனுமதியின்றி எல்லை கடந்தான்.
குவைத் கோர்ட்டின் ஏசி பல்லைக் கிட்டவைக்கிறது.
நான் மொழிபெயர்க்க வந்தவள்,
ஓர் அமர்வுக்கு இவ்வளவென்று கூலி.

சாட்சி இருளப்பன், முதுகுளத்தூர்ப் பக்கம்,
பொக்லைன் ஆபரேட்டர்.
வடக்கே ரோடு போடப் போன கம்பெனி
ஒரே ராத்திரியில் ஓடிப்போக
வண்டியோடும் சாவியோடும் அகப்பட்டவன்.

"கூண்டில் நிற்பவனைத் தெரியுமா?"
"தெரியும். அப்ப தாடி இருந்துச்சு.
கண்ணாடி இதேதான்.
குழி எவ்வளவு நீளம்னு
காலால அளந்து காட்டுனான்.
பதினெட்டு எட்டு."

எண்ணுக்கும் காலடிக்கும் ஒரே சொல் தமிழில்;
அரபியில் பிரித்துச் சொன்னேன்.
எழுத்தர் எழுதினார்: சுமார் பதினான்கு மீட்டர்.

"எதற்கென்று கேட்டாயா?"
"தண்ணிக் குழாய்க்குன்னான்.
இவ்வளவு அகலம் குழாய்க்கு இல்லைன்னு
கைக்குத் தெரிஞ்சுபோச்சு.
கை நிக்கலைங்க."

மலையடி ஊர். பேர் கேட்டார்கள்,
என்ன சாமி என்று கேட்டார்கள்.
ஆண்கள் இந்தப் பக்கம்.
பெண்களும் பிள்ளைகளும் வேறு லாரி.
"இவன்தான் நோட்டுல டிக் அடிச்சான்.
சுட்டதைப் பாக்கலை, என்னைத் திரும்பி நிக்கச் சொன்னாங்க.
மூடுனது நான். என்னையும் எழுதிக்கங்க."

அரசு வழக்கறிஞர் மூன்றாவது பக்கம் ஒன்றை நீட்டினார்.
சேர்ந்தது மட்டுமல்ல, செய்ததற்கும்
வழக்கு வேண்டும் என்றார்.
அதில் அந்தச் சொல் இருந்தது.

எனக்குப் பதினொரு வயதில் தெரிந்த சொல்.
எங்கள் கரையில் ஒவ்வொரு மே மாதமும்
பதாகையில் ஏறும், மழையில் கரையும்.
வழக்கு எண் வாங்கி நான் பார்த்ததில்லை.

"இனப்படுகொலை" என்றேன்.
என் குரல் எனக்கே அந்நியம்.

"அப்படின்னா என்னம்மா?"
விளக்கம் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
சொன்னேன்:
"பேர் கேட்டுப் பிரிச்சவை எண்டனீங்களே, அதுதான்."
நீதிபதி பேனாவைத் தட்டினார்.
குறுக்கிட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன், அரபியில்.

மூன்றாவது பக்கம் ஏற்கப்படுமா என்பது
அடுத்த தவணைக்கு.
கண்ணாடிக்காரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனான்.

வெளியே இருளப்பன்
வராந்தாவைக் காலால் அளக்கிறான்,
லிஃப்ட் கதவிலிருந்து சுவர்வரை.
என் முன்னால் வந்து நிற்கிறான்.

"பதினொண்ணுதாம்மா வருது.
இது பத்தாது."