பச்சைத் துண்டு

நிற்க வைக்கக் கூடாது.
சிரிக்கச் சொல்லக் கூடாது.
முன்பணம் போட்ட கையோடு
மாதேஸ்வரி விதித்த இரண்டு சட்டம்.
"நடக்கிறது நடக்கட்டும், நீங்க பாட்டுக்கு எடுங்க."

நான் பாட்டுக்கு எடுத்தேன்.
பண்ணந்தூர் தாண்டி மாந்தோப்பு நடுவே
தகரப் பந்தல், ஒரே டியூப்லைட், அதைச் சுற்றி ஈசல்.
களி கிண்டுகிறவர் துடுப்பை விட்டுவிட்டு
போனில் மைத்துனனிடம் டிராக்டர் தவணை பேசினார்.
நாலாவது தவணையில் களி அடிபிடித்தது.

மாப்பிள்ளை சாக்கப்பன்
ஓசூரில் ஷிப்டு முடித்து
யூனிபார்மோடு பைக்கில் வந்து இறங்கினான்.
ஒரு நாய் மட்டும் எழுந்து போய்
முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பியது.
எடுத்தேன்.

மருதாணிக் கையால் கொசு அடிக்க முடியாமல்
தங்கையிடம் கன்னத்தைக் காட்டினாள் மாதேஸ்வரி.
"அடி."
அவள் கொஞ்சம் பலமாகவே அடித்தாள்.
பழைய கணக்கு ஏதோ இருந்திருக்கும்.

நாலரை முகூர்த்தத்துக்கு
ஐயர் பெட்ரோல் தீர்ந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு
ஐந்தே காலுக்கு வந்தார்.
யாரும் பதறவில்லை.
தவில்காரர் தவிலிலேயே சாய்ந்து தூங்கினார்.

பிறகு எல்லாம் ஒரே நேரத்தில்.
கெட்டிமேளம்,
மணைக்கு எதிரே முட்டி மடக்கி நான்,
சாக்கப்பனின் கை மேலே போக
குறுக்கே ஒரு முதுகு.

வியர்வையில் ஒட்டிய வெள்ளைச் சட்டை.
தோளில் பச்சைத் துண்டு.
மண்டபக் கல்யாணமென்றால்
மறுபடி ஒருமுறை கட்டுவதுபோல் பிடிக்கச் சொல்லலாம்.
அதற்கென்றே எனக்கு ஒரு குரல் உண்டு.
'அண்ணா, கொஞ்சம் நகருங்க'
தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டு
அழுத்தினேன், அழுத்தினேன்.

பதினொரு படம். பதினொன்றிலும் முதுகு.
துண்டுக்கும் காதுக்கும் நடுவே விரற்கடைச் சந்தில்
மாதேஸ்வரியின் ஒரு கண்.
காற்றிலேயே நின்றுபோன ஒரு கை அரிசி.
தாலி இல்லை.

இலை போட்டபோது பெண்ணின் அப்பா முனிரத்தினம்
தோளருகே வந்தார்.
"தாலி கட்டுறது நல்லா வந்திருக்காம்மா?"
பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
காமிராவை நீட்டிவிட்டேன்.

வெயிலுக்குக் கை மறைத்துப் பார்த்தார்.
வெட்கத்தில் நான் வேகவேகமாகத் தள்ள
"இரு" என்றார்.
"இது கோவிந்தராஜு முதுகு."

தம்பி.
மோட்டார் பங்கில் ஒன்பது வருஷமாய்ப் பேச்சில்லை.
பத்திரிகை வைக்கப் போனபோது
கட்டிலைவிட்டு எழவில்லையாம்.
"வந்தானா? எப்ப வந்தான்?"

பந்தியில் இல்லை. மொய் நோட்டில் இல்லை.
பைக்குகள் நின்ற மரத்தடிவரை போய்ப் பார்த்தார்.
"முகம் எடுத்தியாம்மா?"
இரண்டாயிரத்துச் சொச்சம் படத்தில் முகம் இல்லை.
தயிர் வாளியோடு கடந்த அவர் மனைவி எட்டிப் பார்த்து,
"அப்படியே மாமனார் முதுகு" என்று
அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

எனக்குச் சங்கடம் தீரவில்லை.
தாலி இல்லாத கல்யாண ஆல்பத்துக்கு
மிச்சப் பணம் எப்படிக் கேட்பது?

கிளம்பும்போது வண்டியில்
ஒரு மூட்டை பெங்களூரா காய் ஏற்றினார்.
அந்தப் படத்தைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டார்.
கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே நின்றார்.
"இதை எப்படிம்மா இன்னொருத்தருக்கு அனுப்பறது?"

போனை வாங்கினேன்.
"அவர் பேர் என்னன்னு போட்டிருக்கீங்க?"

தோப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"கெணறு."