ஒற்றைச் சாளரம்

கையேட்டின் அட்டைக்குப் படம் கிடைத்துவிட்டது.
அக்டோபரில் எடுத்தது.
முன்னால் ஆப்பிள், பின்னால் கின்னர் கைலாசம்,
கடன் கேட்க வராத உறவினர்போல்
கனிவாகச் சிரிக்கிறது.
வருடத்தில் பதினோரு நாள்தான் அந்த நிறம்.
அதை எழுத எனக்கு இடம் ஒதுக்கவில்லை.

மாவட்டத் தொழில் மையம், ரெக்காங் பியோ.
ஒற்றைச் சாளர அனுமதிப் பிரிவு.
சாளரம் உண்மையிலேயே ஒன்றுதான்.
பனியில் ஊறிச் சட்டம் உப்பி
ஏப்ரல் வரை திறக்காது.
கண்ணாடிக்கு அப்பால் சட்லஜ்,
வெகு கீழே, சத்தமில்லாமல்.

"மின்மிகை மாநிலம்" என்று தட்டச்சு செய்தேன்.
"தூய காற்று. அமைதியான தொழிலாளர்."
அமைதியான தொழிலாளர் என்றால்
சாலை போட வந்த ஜார்க்கண்ட் பையன்கள்.
தாடை கிட்டிக்கும் குளிரில்
யார்தான் கோஷம் போடுவார்கள்?

சுனம் பக்தியின் விண்ணப்பம் மேசையில் கிடந்தது.
காட்டு ஆப்ரிகாட் கொட்டையில் எண்ணெய் ஆட்டும் செக்கு.
பதினான்கு பக்கம், நீல மை.
அருகிலுள்ள ரயில் நிலையம் எவ்வளவு தூரம்?
"மழை இல்லாவிட்டால் ஒன்பது மணி நேரம்.
மழை என்றால் சாலையைக் கேளுங்கள்."
போட்டியாளர் யார்?
"ஜூலையில் கரடி."
மின் இணைப்பு?
அங்கே மட்டும் பேனாவை அழுத்தியிருந்தாள்.
"மும்முனை கேட்டு இரண்டு குளிர்காலம்."

நதியை மலைக்குள் திருப்பி, சுருளி சுழற்றி,
தில்லி வரை விளக்கேற்றுகிறோம்.
அவள் வீட்டுக் கம்பத்தில் வருவது ஒரு முனை.
மோட்டார் உறுமும், சுற்றாது.

மார்ச்சில் லூதியானாவிலிருந்து ஜஸ்பால் சேக்ரி வந்தார்.
ஐயாயிரம் டன் குளிர்பதனக் கிடங்கு,
பளபளக்கும் கோப்பு, மெல்லிய காலணி.
"சமதளம் காட்டுங்கள்" என்றார்.
காட்டினேன்:
ஹெலிகாப்டர் இறங்கும் திடல்,
பள்ளிக்கூடத்து மைதானம்.
அவ்வளவுதானா என்றார்.
அவ்வளவுதான்.
வாங்க முடியாது, வெளியூர்க்காரருக்குக் குத்தகைதான்,
அதற்கும் சிம்லாவில் கையெழுத்து என்றபோது
அவர் காலணியைப் பார்த்துக்கொண்டார்.

அன்றிரவு மலை கொஞ்சம் இறங்கி வந்து
சாலையில் உட்கார்ந்துகொண்டது.
மூன்று நாள் ஆகும் என்றது காவல் நிலையம்.
விடுதியில் குழாய்கள் உறைந்திருந்தன.
சுனம் வீட்டில் ஓர் அறை காலி.

இரண்டாம் நாள் காலை கோப்பு கேட்டுப் போனேன்.
சேக்ரி தரையில் சப்பணமிட்டிருந்தார்,
கோட்டைக் கழற்றி, மோட்டாரைத் திறந்து.
அப்பாவுக்கு கில் சாலையில் காயில் கட்டும் கடையாம்.
பதினேழு வயதுவரை இவர் விரல்களில் செம்பு வாசனையாம்.
"சொல்லமாட்டேன் யாரிடமும்," என்றார்,
"வங்கிக்காரர்கள் பயந்துவிடுவார்கள்."

பஜாரில் பழைய சாமான் கடையில்
ஒரு கண்டன்சர் வாங்கி வரச்சொன்னார்.
அறுநூற்று நாற்பது ரூபாய், அவர் பணம்.
முதலில் ஒரு பொறி.
பிறகு கெட்ட வார்த்தை, பஞ்சாபியில்.
அப்புறம் சுற்றிற்று.
முழு வலு இல்லை, முக்கால் இருக்கும்.
கசந்த மணத்தோடு எண்ணெய் ஒழுகத் தொடங்க
சுனம் கைதட்டவில்லை;
பாத்திரம் போதாதென்று ஓடினாள்.

சாலை திறந்தது. சேக்ரி போனார்.
கிடங்கு சோலனில் கட்டுவதாகக் கடிதம் வந்தது,
பணிவான ஆங்கிலத்தில்.

காலாண்டு அறிக்கை.
ஈர்க்கப்பட்ட முதலீடு, கோடியில் நிரப்புக.
கணக்குப் போட்டேன்:
புள்ளி, நான்கு சுழி, அப்புறம் அறுபத்து நான்கு.
கட்டம் இரண்டு இலக்கத்துக்கு மேல் ஏற்கவில்லை.
சுழி, புள்ளி, சுழி, சுழி
என்று ஒப்பமிட்டு அனுப்பினேன்.

சுனம் கொடுத்த புட்டியில் மூடி சரியில்லை.
கையேட்டின் மேல் எண்ணெய் பரவி
ஆப்பிள்கள் கண்ணாடிபோல் ஆகிவிட்டன.
அவற்றின் வழியே அடுத்த பக்கம் தெரிகிறது,
தலைகீழாக அல்ல, நேராகவே:
போக்குவரத்து வசதிகள்.
அதன்கீழ் நான் இன்னும்
எதுவும் எழுதவில்லை.