நெவிலின் பாதங்கள்

முப்பத்தொன்பது வருடம் மைக் பிடித்த கை இது.
என்ன கற்றீர்கள் என்று கேட்கிறான்
கிரிம்ஸ்பி வானொலிப் பையன்.

சிரிப்பு வரும்போது வாயை மூடு என்றேன்.
அதற்கே எனக்கு ஏழு வருடம் பிடித்தது.

ஸ்கன்தார்ப் இரும்பாலைக் கிளப்பில்
பதினோரு பேர், ஒரு நாய்.
இரண்டு சீட்டுக் குலுக்கலுக்கு நடுவே என் இருபது நிமிடம்.
முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தவனைச்
சிரிக்க வைத்தே தீருவதென்று
மற்ற பத்துப் பேரையும் கோட்டைவிட்டேன்.
பாய்லர் பழுதுபார்க்க வந்தவனாம் அவன்.
நான் எப்போது முடிப்பேன் என்று காத்திருந்தானாம்.
இதையும் சொன்னேன். பையன் சிரித்தான்,
குறித்துக்கொள்ளவில்லை.

எனக்குச் சோறு போட்டவை நெவிலின் பாதங்கள்.
துறைமுகத்து மீன் குளிர்கிடங்கில் அவருக்கு வேலை.
"ராத்திரி அந்தக் கால் என் முதுகில் படும்.
காலையில் என்னை ரொட்டித்தூளில் புரட்டினால் போதும்,
பெட்டியில் போட்டு விற்றுவிடலாம்."
இருபத்தாறு வருடம் இதே ஜோக்.
ஊருக்கு ஊர் ஒரு சொல் கூடும், ஒரு சொல் குறையும்.
'விற்றுவிடலாம்' மட்டும் கடைசியில்தான் வர வேண்டும்.
அதன் பிறகு மூச்சுகூட விடக் கூடாது.
நெவில் பின்னால் பியரோடு நின்று
யார் காலையோ சொல்வதுபோலச் சிரிப்பார்.
காரில் திரும்பும்போதுதான்,
மழைத் துடைப்பான் நாலைந்து முறை போய்வந்த பிறகு,
"நிஜமாகவே அவ்வளவு குளிரா, பெரில்?"

மார்ச்சில் அவரைப் புதைத்தோம்.
இரண்டு வார்த்தை பேசச் சொன்னார் பாதிரியார்.
பழக்க தோஷம்,
சிரிப்பு வர வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டேன்.
தேவாலயம் முழுக்க இருமல்.
கிடங்கில் அவரோடு பெட்டி தூக்கிய டெஸ்மண்ட் மட்டும்
வெடித்துச் சிரித்து,
கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

ஆறாவது வாரம் கிளீதார்ப்ஸில் மேடை.
'படும்' என்பது என் வாயில்
'பட்டது' என்று வந்துவிட்டது.
அவ்வளவுதான்.
கண்ணாடிக் கோப்பைகளை மேசையில் வைக்கும் சத்தம்
ஒவ்வொன்றாகக் கேட்டது.
சும்மாவா வைத்தார்கள்
இறந்தகாலம் என்று பெயர்.

அடுத்த வெள்ளிக்கிழமை 'படும்' என்றேன்.
மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.
பொய் சொல்லிக் காசு வாங்குகிறாள் என்றால்
சொல்லிவிட்டுப் போகட்டும்.
வாரத்தில் மூன்று இரவு, ஆறு நிமிடம்,
நெவில் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார்.

இதைப் பையனிடம் சொல்லவில்லை.
அவனுக்கு மூன்று பாடம் இருந்தால் போதுமாம்.
நேரத்துக்குப் போ, காசை எண்ணி வாங்கு,
அடுத்தவன் ஜோக்கைத் தொடாதே
என்று சொல்லி அனுப்பினேன்.

நேற்று இரண்டு மணிக்கு வந்து படுத்தேன்.
படுக்கை முழுக்க ஒரே வெதுவெதுப்பு.
இதில் ஒரு ஜோக் இருக்கிறது.
எந்தச் சொல்லைக் கடைசியில் வைப்பது
என்றுதான் தெரியவில்லை.