எண்பத்தேழாம் சீவல்

பெங்களூரிலிருந்து இரவில் வந்து இறங்கும்
நாற்பது மைக்ரான் சீவல்களின் படங்கள்.
ஓர் எலியின் மூளைக்கு நூற்றுப் பன்னிரண்டு.
மண்டபத்தில், வலைக்கடைக்கு மேல்மாடியில்,
நான் அவற்றை வரைபடத்தின் மேல் உட்கார வைக்கிறேன்.
சீவலுக்குப் பதினாலு ரூபாய்.

வரைபடத்து எலி எந்தப் பொந்திலும் இருந்ததில்லை.
ஆயிரத்துச் சொச்சம் எலிகளைக் கூட்டி வகுத்த எலி அது,
வலமும் இடமும் பிசிறில்லாமல் ஒன்றுபோல்.
என்னிடம் வருவதோ
ஓரம் கிழிந்தது, மடிந்தது,
காற்றுக்குமிழ் மாட்டியது,
ஒருமுறை யாருடைய இமைமுடியோடோ.
கத்தியும் லேசாய்ச் சாய்ந்தே இறங்கியிருக்கும்:
இடப்பாதி ஒரு பக்கம் முந்தி,
வலப்பாதி ஒரு பக்கம் பிந்தி.
அந்தச் சாய்வை ஒருமுறை கணித்துவிட்டால்
நூற்றுப் பன்னிரண்டுக்கும் அதுதான்.

திருப்பு. நகர்த்து. பிறகு இழு.
ரொம்ப இழுத்தா எது மேலயும் எது வேணும்னாலும் பொருந்திடும்,
பார்த்து, என்பார் கோதாவரி மேடம் போனில்.

கடற்குதிரை என்று பெயர் வைத்த இடத்தைத்தான்
முதலில் தேடுவேன்.
ரீகன் வலையில் ஏறும் நிஜக் கடற்குதிரையைப் பார்த்திருக்கிறேன்.
கேஸ் ஆகும் என்று
கண்ணியில் சுற்றிய வாலை அவிழ்த்துத் தண்ணியில் விடுவான்.
எலிக்குள் இருப்பது அப்படியில்லை,
இரண்டு தூண்டில் முள்ளைக் கோத்து வைத்தது மாதிரி.
பெயர் வைத்தவர் எந்தக் கடலில் பார்த்தாரோ.

எண்பத்தேழு மட்டும் அடங்கவில்லை.
மூன்று ராத்திரி.
ஐம்பது புள்ளி குத்தினேன், அறுபது குத்தினேன்.
நடுக்கோடு நேரானால் ஓரம் பிதுங்கியது.
ஓரத்தை அழுத்தினால் கடற்குதிரை நசுங்கியது.

கரண்ட் போன நேரம் கீழே இறங்கி நின்றேன்.
ராமநாதபுரத்திலிருந்து வந்த ஐஸ் லாரிக்காரர் வழி கேட்டார்.
தெற்குத் துறையா, இடப்பக்கம் திரும்புங்க, என்றேன்
அவரைப் பார்த்து நின்றபடியே.
அரைமணியில் வடக்குத் துறையிலிருந்து வந்து
ஒழுகும் வண்டியை நிறுத்தி
அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.
என் இடம் ஆண்கடல். அவர் இடம் பெண்கடல்.
இந்த ஊரில் திரும்பி நின்றாலே
கடல் மாறிவிடும்.

திட்டு முடியும் முன்னே மாடிக்கு ஓடினேன்.
கரண்ட் வரவில்லை. லேப்டாப்பில் ஒன்பது சதவீதம்.
அடையாளத்துக்கு இடப்பாதியில் குத்தும் ஊசித்துளை
எண்பத்தேழில் வலப்பாதியில் இருந்தது.
தூரிகையால் எடுத்த யாரோ
குப்புறப் போட்டிருக்கிறார்.
சாய்வு எதிர்ச்சாய்வாகி நின்றிருக்கிறது.
துளையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்
மூன்று ராத்திரியும்.

ஒரு பொத்தான். கவிழ்த்தேன்.
கோடுகள் இடித்துக்கொள்ளாமல் வந்து அணைந்தன.
எல்லாம் இல்லை. கீழோரத்தில் ஒரு மயிரிழை
இன்னும் கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறது.
அதை நான் இழுக்கவில்லை.
அந்த எலிக்கு அங்கே கொஞ்சம்
அப்படித்தான் இருந்திருக்கும்.

ஏழு சதவீதம்.
எண்பத்தெட்டைத் திறக்கிறேன்.