மீதி இரண்டு

பதினொன்றே கால். இம்மர்மான் தெருவில்
பெயர்ப்பலகையை உள்ளே இழுத்தாயிற்று.
எஃகு மேசையில் டிப்ஸ் டப்பாவைக் கவிழ்க்கிறாள் ஹிசாயே.
நாற்பத்தேழு யூரோ.
கூடவே ஒரு பொத்தான், எவர் போட்டதோ.

"யோன்ஜூநானா வரு சான்."
நாற்பத்தேழை மூன்றால்.
'வரு' என்றால் என் காதில் ஏதோ வரப்போகிறது.
அவளுக்கு அது உடைப்பது.
மதியம் நூற்றிருபது முட்டை உடைத்தோமே, அதுவும் வரு.
விஸ்கியில் தண்ணீர் விட்டு இளக்கினால்
அதற்கும் வரு.

உடைபடுகிற எண் 'வராரேரு கஸு'.
கஸு என்றால் எண்தான். முதல் மாதம் முழுக்க
நான் காசு என்றே கேட்டுக்கொண்டிருந்தேன்;
மேசைமேல் காசு கிடந்ததால்
பிழை பிடிபடவில்லை.
எங்கள் பள்ளிக்கூடத்திலும் அது வகுபடும் எண்.
படுவது எந்த மொழியிலும் படத்தான் செய்கிறது.

ஈவுக்கு 'ஷோ'. வியாபாரத்துக்கும் அதே எழுத்தாம்.
எங்களுக்கு அது கொடுப்பது என்றேன்.
கொடுப்பதா, கணக்கிலா, என்று சிரித்தாள்.
தோர்பென் அதற்குள்
பதினைந்து பதினைந்தாக அடுக்கிவிட்டான்.
அவன் ஜெர்மனில் பகிர்வதும் வகுப்பதும் ஒரே சொல்,
அவனுக்கு வழக்கேயில்லை.

மிஞ்சியது 'அமரி'.
இரண்டு யூரோ நாணயம்
டப்பாவின் அடியில் போய் அமர்ந்துகொண்டது.

போன வியாழன் வரை 'வரு கஸு' நாலு.
இதே நாற்பத்தேழு என்றால் தலைக்குப் பதினொன்று, மீதி மூன்று.
ஷிங்கோ ஈரக் கையோடு வாங்குவான், எண்ணமாட்டான்.
ஆள் அதிகம் என்று முதலாளி சொன்ன அன்று
நான் கொதிக்கிற எலும்புச் சாற்றில்
நுரை எடுத்துக்கொண்டிருந்தேன்.
எடுப்பதற்கு நுரை இல்லாத பிறகும்.

இப்போது நாலு யூரோ கூட.
கோட்டுப் பையில் கைவிட்டுத் தேடினேன்,
அவன் நாலு எது, என் பதினொன்று எது என்று
விரலுக்குத் தெரியவில்லை.

"வரிகிரெனாய்" என்றாள் ஹிசாயே,
மூடியைக் கையில் வைத்துக்கொண்டு.
மீதியில்லாமல் வகுபடாது என்று பொருள்.
மனம் ஒப்பவில்லை என்றாலும் அதையேதான் சொல்வார்களாம்.
எதைச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

தோர்பென் விளக்கை அணைத்தான்.
பொத்தானை மட்டும் எடுத்துக்கொண்டேன்,
கறுப்பு,
நாலு துளை.